ஆயில் இன்ஜின் எடுக்கலையா, ஓடி ஓடி நிக்குதா? தோட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரண்ட் இணைப்பு இல்லாத கிணறு, ஓடைத் தண்ணீர், கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பாலை என்று கொங்கு நாட்டில் ஆயில் இன்ஜினுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதை ஓட்டுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

பதில்கள் எல்லாம் பரவலாக உள்ள ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினுக்கானவை: 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1500 சுற்று, தண்ணீரில் குளிரும் வகை, போர் (சிலிண்டர் விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 110 மி.மீ., கொள்ளளவு 553 சி.சி. உங்களுடையது வேறு அளவாக இருந்தாலும் சோதிக்கும் வரிசை இதேதான். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே உள்ள சந்து), போல்ட் முறுக்கு போன்ற அளவுகளை மட்டும் உங்கள் இன்ஜினின் கையேட்டைப் பார்த்து வையுங்கள்.

நேத்து பொழுது சாயற வரைக்கும் ஓடுச்சுங்க. காத்தால எவ்வளவு சுத்தினாலும் எடுக்க மாட்டேங்குது. மொதல்ல எதைப் பாக்கோணும்?

ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒருவர் ஹேண்டில் சுற்றட்டும், இன்னொருவர் சைலன்சர் வாயைப் பார்க்கட்டும். சுற்றும்போது வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். அப்போது கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்), நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை), டைமிங் (டீசல் பீறும் நேரம்) பக்கம் தேட வேண்டும். துளிப் புகையும் இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. டேங்கிலிருந்து நாசில் வரை உள்ள பாதையைத்தான் பார்க்க வேண்டும். பாதிப் பேர் இதைப் பார்க்காமலே சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள்.

புகை இல்லாவிட்டால் முதலில் ஸ்டாப் லீவர் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா, டேங்க் காக் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பல நேரம் விஷயம் அவ்வளவுதான். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். இன்ஜின் பின்னுக்கு உதைத்தால் உடைவது அந்தக் கட்டை விரல்தான்.

டேங்க்ல டீசல் நெறையத்தானுங்க இருக்குது, அப்பறம் எப்படி ஏர் புடிக்கும்?

ஒருமுறை டேங்க் காலியாகி நின்றிருந்தாலோ, ஃபில்டர் மாற்றியிருந்தாலோ, ஏதாவது ஒரு நட்டைக் கழற்றி மாட்டியிருந்தாலோ குழாய்க்குள் காற்று உட்கார்ந்துகொள்ளும். பிறகு எவ்வளவு டீசல் ஊற்றினாலும் அது தானாக வெளியேறாது. டீசல் பம்ப் அழுத்தும்போது காற்றுதான் சுருங்கும். நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது.

ஏர் எடுப்பதை டேங்க் பக்கமிருந்து நாசில் பக்கமாக, வரிசை மாறாமல் செய்யுங்கள். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வழியும்போதே இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் அதையே செய்யுங்கள். கடைசியாக, நாசில் பக்கம் உள்ள ஹைபிரஷர் பைப்பின் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, வால்வைத் திறந்து வைத்துச் சுற்றுவதை லேசாக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, வேகக் கைப்பிடியை முழுதாகத் திறந்துவைத்து ஹேண்டிலைச் சுற்றுங்கள். ஒவ்வொரு அடிக்கும் டீசல் பீறிட்டு வந்தால் நட்டை இறுக்கலாம். அதன்பின் சுற்றும்போது நாசிலில் 'க்ரீக், க்ரீக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் டீசல் பக்கம் வேலை முடிந்தது.

ஏர் எடுத்தா ஓடுது, அரை மணி நேரத்துல மறுக்கா நின்னுபோகுது. எத்தனை தடவைதானுங்க ஏர் எடுக்கறது?

இனி எடுக்க வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். டேங்க் டீசல் பம்ப்பைவிட உயரத்தில் இருப்பதால், இணைப்பு லூசாக இருந்தால் டீசல் வெளியே கசியுமே தவிர காற்று சுலபத்தில் உள்ளே வராது. வெளியே ஈரம் இல்லாமல் இன்ஜின் நின்றுபோகிறது என்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. பம்ப் இழுக்க இழுக்க டீசல் வந்து சேராததால் நிற்கிறது.

முதல் சந்தேகம் டேங்க் மூடியில் உள்ள பொடி ஓட்டை. அது அடைத்துக்கொண்டால் டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று புக வழியில்லை. இன்ஜின் நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் திருடன் அகப்பட்டான், ஒரு ஊசி போதும். அதுவும் இல்லை என்றால் ஃபில்டர், பிறகு ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதிப்போய் வழி அடைத்திருக்கும். கடைசியாக டேங்க் அடியில் உள்ள வண்டலைப் பாருங்கள்.

டீசல்ல தண்ணி கலந்திருக்கான்னு எப்படீங்க கண்டுபுடிக்கறது? மண்ணெண்ணெய் சேத்தி ஊத்தலாமா?

டேங்க் அடியிலிருந்து அரை லிட்டர் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். இருந்தால் டேங்க், ஃபில்டர் இரண்டையும் முழுக்க வடித்துவிட்டு மேலே சொன்னபடி ஏர் எடுங்கள்.

மண்ணெண்ணெய் வேண்டாம். டீசல் பம்ப்பில் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் நாசில் ஊசிக்கும் டீசலே எண்ணெய்ப் பசை. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு. லிட்டருக்கு மிச்சமாகிற காசு பிளஞ்சர் தேய்மானத்தில் போய்விடும்.

காத்தால மட்டும் நெம்ப சிரமப்படுத்துதுங்க. சூடானா ஒரே சுத்துல எடுத்துக்குது. இது எதுனால?

கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய 16.5 மடங்கு அமுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. காற்று கசிந்தால் குளிர்ந்த இன்ஜினில் அந்தச் சூடு போதாது. டீகம்ப்ரஷன் லீவரைக் கீழே விட்டுவிட்டு ஹேண்டிலை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். நல்ல இன்ஜின் திமிறி எதிர்த்துத் தள்ளும். 'உஸ்' என்று இளகிக் கொடுத்தால் கசிவு உறுதி.

எங்கே கசிகிறது என்று பார்க்க, முதலில் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில் உச்சியில் நிற்கும்போது பார்க்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் இருந்தால் வால்வு முழுதாக மூடாது. டீகம்ப்ரஷன் லீவர் கீழே இறங்கிய பிறகும் வால்வை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே தொல்லைதான். அது சரியாக இருந்தால் நாசிலைக் கழற்றி, 5 மில்லி இன்ஜின் ஆயிலை உள்ளே விட்டு, லீவரைத் தூக்கி நாலைந்து சுற்று சுற்றி, நாசிலை மாட்டி மறுபடி சோதியுங்கள். கம்ப்ரஷன் கூடினால் பிஸ்டன் ரிங், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. கூடவில்லை என்றால் வால்வு சீட் அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) கசிகிறது. ஆயிலை 5 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். காரணம் முழுகிய இன்ஜின் பற்றிய பதிலில் வருகிறது.

பொகை நெறத்தை வெச்சே சீக்கு சொல்லலாமுங்களா?

ஓரளவு சொல்லலாம். கரும்புகை என்றால் டீசலுக்கு ஈடான காற்று இல்லை. ஏர் கிளீனர் அடைப்பு, நாசில் சொட்டுவது, இன்ஜின் தாங்காத லோடு, இதே வரிசையில் பாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு கைடு தேய்மானம் ஒரு காரணம். காற்றை ஆயிலில் விட்டு வடிகட்டும் ஆயில் பாத் ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் நீலப்புகை வரும், அதைச் சரிசெய்ய ஒரு பைசா ஆகாது.

வெள்ளைப்புகையில் இரண்டு வகை உண்டு. சைலன்சர் வாய்க்கு நேராக ஒரு எவர்சில்வர் தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். பிசுபிசுப்பாக, டீசல் வாடையோடு படிந்தால் எரியாத டீசல். வெறும் நீர்த்துளியாக, சூடான பிறகும் நிற்காமல் வந்தால் சிலிண்டரைச் சுற்றி ஓடும் ஜாக்கெட் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

நாசில் போச்சுன்னு மெக்கானிக் சொல்றாருங்க. மாத்தாம சோதிக்க வழி இருக்குதா?

நாசிலைக் கழற்றி, அதே ஹைபிரஷர் பைப்பில் வெளியே திருப்பி மாட்டி, ஹேண்டில் சுற்றிப் பாருங்கள். பனி போலப் பரவலாகத் தெளிக்க வேண்டும், அடி முடிந்ததும் நுனி காய்ந்திருக்க வேண்டும். ஒரே கோடாகப் பீறினாலோ நுனியில் சொட்டு தொங்கினாலோ நாசில் சரியில்லை. தெளிக்கும் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். சுமார் 200 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

டெஸ்டரில் வைத்து அழுத்தம் சரிபார்க்கும் டீசல் பம்ப் சர்வீஸ் கடைகளுக்கு நாசிலை மட்டும் கழற்றி எடுத்துப் போனால் போதும். ஊசியும் உடலும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை, ஒன்றின் ஊசியை இன்னொன்றில் போடக் கூடாது. திரும்ப மாட்டும்போது பழைய காப்பர் வாஷர் ஹெட் துளையிலேயே ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் இரண்டு வாஷர் ஆகி நாசில் நுனி மேலே ஏறிவிடும்.

தண்ணி ஓடிட்டேதானுங்க இருக்குது, இருந்தும் இன்ஜின் கொதிக்குது. ஏன்?

தண்ணீர் பம்ப் டெலிவரியிலிருந்து சின்னக் குழாயில் கிளை எடுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பில், வாய்க்காலில் விழும் தண்ணீரைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. இன்ஜினை விட்டு வெளியே வரும் குழாயைப் பார்க்க வேண்டும். அங்கே ஒழுக்கு மெலிந்திருந்தால் கிளைக் குழாயில் பாசியோ மண்ணோ அடைத்திருக்கும். ஒழுக்கு நன்றாக இருந்தும் ஹெட் மட்டும் கொதித்தால் ஜாக்கெட்டுக்குள் உப்பு படிந்திருக்கிறது. காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கத்து உப்புத்தண்ணீரில் இது சீக்கிரமே நடக்கும். ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிச் சாயத்தண்ணீர் ஊறிய கிணறுகளில் படிவதோடு அரிக்கவும் செய்யும்.

உப்பைக் கரைக்க, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கலந்த வெந்நீரை ஜாக்கெட்டில் நிரப்பி மூன்று நாலு மணி நேரம் விட்டு வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். படிவு தடிமனாக இருந்தால் இன்னொரு முறை செய்யலாம். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ஹெட் வெடித்துவிடும். லோடைக் குறைத்துச் சும்மா ஓடவிட்டு, தானாக ஆற விடுங்கள்.

வெளிய வர்ற தண்ணி சில்லுன்னு இருந்தா நல்லதுதானுங்க?

இல்லை. சில்லென்று இருந்தால் சிலிண்டர் தேவையான சூட்டுக்கு வரவில்லை. டீசல் முழுதாக எரியாமல் லைனரில் வழிந்து ஆயிலைக் கெடுக்கும். கை வைத்தால் கொஞ்ச நேரம்தான் பொறுக்கும் என்ற அளவுக்குச் சூடாக வரும்படி கிளைக் குழாய் வால்வைத் திருகி வையுங்கள்.

கெணத்துல தண்ணி அடில கெடக்குதுங்க. இன்ஜினை உள்ள திட்டுல எறக்கி வெச்சு ஓட்டலாமா?

கூடாது. மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது என்பது உண்மை. உறிஞ்சும் உயரம் கணக்குப்படி 10 மீட்டர் என்றாலும் நடப்பில் 6, 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. ஆனால் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை. கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். நிறுத்தப் போனவர் மயங்க, தூக்கப் போனவரும் மயங்கி விழுவதுதான் வழக்கமாக நடப்பது. சைலன்சர் பைப்பை மேலே நீட்டிவிட்டாலும் இணைப்புகளில் கசியும். கிணறு ஆழமாக இருந்தால் வேறு வகைப் பம்ப்புக்கு மாறுங்கள்.

வாய்க்கால்ல தண்ணி உட்டு கெணறு மேல வந்தப்பறந்தானுங்க இன்ஜின் தெணறுது, கரும்பொகை தள்ளுது. தண்ணி பக்கத்துல வந்தா லேசாத்தானே ஆகோணும்?

எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். செண்ட்ரிஃபியூகல் பம்ப்பில் நடப்பது தலைகீழ். ஏற்ற வேண்டிய உயரம் குறைந்தால் பம்ப் அதிகத் தண்ணீரைத் தள்ளும், அதற்கு அதிகக் குதிரைத்திறன் கேட்கும். கோடையில் 5 குதிரைத்திறனுக்குள் அடங்கிய பம்ப், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்து கசிவு ஊறிக் கிணறு ஏறியதும் அதைத் தாண்டிவிடும். இன்ஜினில் சீக்கு எதுவும் இல்லை.

சோதனை சுலபம். டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். புகை தெளிந்து சத்தம் சீரானால் லோடுதான் காரணம், அந்த நிலையிலேயே விட்டு ஓட்டுங்கள். மூடியும் கரும்புகை நிற்கவில்லை என்றால், புகை பற்றிய பதிலில் சொன்ன ஏர் கிளீனர், நாசில் வரிசைக்குப் போங்கள்.

மழைல ஓடைத் தண்ணி வந்து இன்ஜின் முழுகிப்போச்சுங்க. தொடச்சுட்டு ஒருக்கா சுத்திப் பாக்கலாமா?

சுற்றாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 553 சி.சி. இன்ஜினில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 36 மில்லிதான். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்தாலும் பிறகு ஓடும், ஆனால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் நாசிலைக் கழற்றுங்கள், ஏர் கிளீனரையும் கழற்றுங்கள். லீவரைத் தூக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை நாசில் துளை வழியாக வெளியேற்றுங்கள். உள்ளே கொஞ்சம் ஆயில் தெளித்து மீண்டும் சுற்றுங்கள். அடுத்து இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில். பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுதாக வடித்து, புது ஆயில் ஊற்றி, லோடு இல்லாமல் 10 நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துவிடுங்கள். இரண்டாவது முறை வடிப்பதும் வெளுத்திருந்தால் மூன்றாவது முறையும் மாற்றத்தான் வேண்டும். டேங்க், ஃபில்டர், டீசல் பம்ப் மூன்றிலும் தண்ணீர் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் அன்றே முடியுங்கள், லைனரில் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும்.

முழுகாத இன்ஜினிலேயே ஆயில் இப்படி வெளுத்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது லைனர் அடியில் உள்ள ரப்பர் ரிங் கசிகிறது. வெளுக்காமல் மட்டம் மட்டும் ஏறினால் டீசல் கலக்கிறது. மோந்து பார்த்தாலே தெரியும்.

டீசல் பம்ப்பைக் கழட்டி மாட்டினதுல இருந்து 'டங் டங்'குன்னு அடிக்குதுங்க. பேரிங் போயிருச்சா?

அதற்குள் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். பம்ப் உட்காரும் இடத்துக்கு அடியில் தகடு தகடாக ஷிம் இருக்கும். கழற்றும்போது ஒன்று ஆயிலோடு பம்ப் அடியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும், இல்லை பழைய பேப்பரென்று துடைத்து எறிந்திருப்பார்கள். ஷிம் குறைந்தால் பம்ப் கீழே இறங்கும், டீசல் முன்கூட்டியே பீறும், இன்ஜின் உலோகச் சத்தத்தோடு அடிக்கும். ஷிம் கூடினால் தாமதமாகும்: சத்தம் இருக்காது, புகையும் சூடும் கூடும், இழுவை போகும். இந்த வகை இன்ஜின்களில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 23 டிகிரி முன்னதாக டீசல் பீறத் தொடங்குவது வழக்கம். ஃப்ளைவீலில் குறி இருக்கும்.

பேரிங் சத்தம் வேறு. அது மந்தமாக, அடியிலிருந்து வரும். லோடு ஏறும்போதும் வேகத்தைச் சட்டென்று மாற்றும்போதும் கூடும், ஆயில் அழுத்தமும் குறைந்திருக்கும். அப்படிக் கேட்டால் அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

கை வெக்காமயே வேகம் ஏறிட்டே போகுதுங்க. ஸ்டாப் லீவரை இழுத்தும் நிக்கலைன்னா என்ன பண்றது?

காற்றை அடையுங்கள். ஏர் கிளீனர் வாயில் பலகையோ தட்டையான தகடோ வைத்து அழுத்தினால் சில நொடியில் நிற்கும். கை வைக்கக் கூடாது, துணி வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃப்ளைவீலுக்கு நேராக நிற்காதீர்கள். டேங்க் காக்கை மூடுவது நல்லதுதான், ஆனால் ஃபில்டரில் மிச்சமுள்ள டீசலில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.

நின்றபின் இரண்டு காரணங்களைப் பாருங்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் டீசல் பம்ப் ராக் துருவில் சிக்கியிருக்கலாம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் இணைப்பு கழன்றிருக்கலாம். அல்லது இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடியிருக்கலாம், இதற்கு முன்பே நீலப்புகை வந்திருக்கும். ராக் விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய் வர வேண்டும். அது உறுதியாகும்வரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ரிங், லைனர், நாசில் எல்லாம் புதுசுங்க. இருந்தும் தண்ணி முன்ன மாதிரி வரலை. இன்னும் என்னத்தை மாத்தறது?

மாற்றுவதை நிறுத்திவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள். 1500-க்குப் பதில் 1350 சுற்றில் ஓடினால் வேகக் குறைவு பத்து சதவீதம்தான், ஆனால் பம்ப் ஏற்றக்கூடிய உயரம் 19 சதவீதம் குறையும். அது வேகத்தின் இருமடிப்படி மாறுவது. கவர்னர் ஸ்பிரிங் தளர்ந்திருப்பதும் பெல்ட் வழுக்குவதும் இங்கேதான் அகப்படும். பெல்ட் வழுக்கினால் இன்ஜின் 1500-ல் இருக்கும், பம்ப் மட்டும் பின்தங்கும். அதனால் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.

வேகம் சரி என்றால் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். இழுவை திரும்பினால் உள்ளே கரி அடைத்திருக்கிறது. பல மாதம் சும்மா நின்ற இன்ஜினில் குளவிக்கூடும் இருக்கும். அதுவும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட் தடிமன் மாறியிருக்கலாம். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேல் மெல்லிய ஈயக் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை முழு முறுக்கில் மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றி எடுத்து, நசுங்கிய ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளங்கள். கையேட்டில் உள்ள இடைவெளியைவிட அது தடிமனாக இருந்தால் கம்ப்ரஷன் அங்கேதான் போகிறது. கேஸ்கெட்டை மட்டும் சரியான தடிமனில் மாற்றினால் போதும்.